கேட்பதற்கு ஒரு மேசை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் பத்திரிகையில் கல்லூரிச் சேர்க்கை பற்றி நிறைய வருகிறது. எந்தப் படிப்புக்கு என்ன வேலை, கடைசி நாள் எது, கட் ஆஃப் எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. நான் அந்தப் பக்கங்களை வெட்டி எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன், அதற்கு நன்றி. ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று ஒரு வரிகூட எங்கும் வருவதில்லை. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்திலிருந்து முதல் ஆளாகப் போகிற பிள்ளைக்கு, சேர்ந்த நாளிலிருந்து நான்கைந்து மாதம்தான் கண்டம். பாடம் புரியாமல் படிப்பை விட்டு நின்றவர்களை விட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்க வேண்டியவள். எங்கள் பக்கத்துக் கல்லூரிகள், அதிலும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத சமுதாயக் கல்லூரிகள், இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்துக்காரி. அம்மா பீடி சுற்றுவார், இப்போதும் சுற்றுகிறார். அப்பா லுங்கி நெய்தவர், தறி நின்றதும் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். 2008-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 638 எடுத்தேன். எங்கள் தெருவில் அது நல்ல மார்க், அம்மா கல்கண்டு வாங்கிக் கொடுத்தார். அதற்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாவது முடித்ததும் ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களே, அதுபோலப் பள்ளிக்கூடமே கல்லூரிக்கும் அனுப்பிவைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, 1964-லிருந்து இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். விண்ணப்பம் என்று ஒன்று வாங்க வேண்டும், அதற்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியவில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, எங்கள் ஊரில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. திருவிழா முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் கிளம்பி, வீடு கழுவி, நிதானமாக மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் போனபோது விண்ணப்பம் கொடுப்பது முடிந்துவிட்டது என்றார்கள். அம்மா அங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்து, "இன்னா கண்ணு, நம்மளுக்கு இல்லன்னுட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த வருடம் போடலாமா, காலி இடத்துக்கு மறுபடி கூப்பிடுவார்களா என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்படித்தான் வேலூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தேன். பேரைச் சொல்லப் போவதில்லை, அது இப்போது இல்லை. ஒரு மாடிக் கட்டடம், மூன்று வகுப்பறை, ஒரு சின்ன லேப். எனக்கு உடல்நல உதவியாளர் டிப்ளமோ, ஒரு வருடப் படிப்பு.

சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்று படித்தவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளியை ஒட்டி இரண்டு வருடக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியூர் போக முடியாத பிள்ளைகள் முதல் இரண்டு வருடப் படிப்பைச் சொந்த ஊரிலேயே முடித்துக்கொண்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய் மீதியைப் படிக்கலாம் என்பது யோசனை. இன்றைக்கு அந்த நாட்டில் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் இந்த வழியாகத்தான் போகிறார்கள். நம் பக்கம் 1995-இல் புதுச்சேரியிலும் அடுத்த வருடம் சென்னையிலும் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது, பின்னால் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் திட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. கட்டணம் குறைவு, வயது பார்ப்பதில்லை, படிப்பை நடுவில் விட்டவர்களும் சேரலாம், கைத்தொழிலோடு வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம், கடைசியில் வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி. நல்ல ஏற்பாடு, நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. என்னை மாதிரி ஒருத்தி அன்றைக்கு வேறு எங்கே போயிருப்பாள்?

எங்கள் வகுப்பில் 22 பேர். பேரணாம்பட்டிலிருந்து ஒரு பையன், ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவன். ஒடுகத்தூருக்கு மேலே மலையிலிருந்து ஒரு பெண், அவள் பஸ் பிடிக்கவே இரண்டு மணி நேரம் நடந்து இறங்க வேண்டும் என்பதால் வேலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். 34 வயதில் ஒரு அக்கா, கணவர் இறந்துவிட்டார், பையன் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். அம்மாவும் பையனும் ஒன்றாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்களாம். இருபத்திரண்டு பேரில் ஒருவர் வீட்டில்கூடப் பட்டதாரி கிடையாது. யாரும் மட்டமான மாணவர்கள் இல்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டதும், பிபி பார்க்கக் கற்றுக்கொண்டதும் எங்களுக்குக் கஷ்டமாகவே இல்லை. அந்த அக்கா ஒரு தடவை பார்த்தால் போதும், கை அப்படியே செய்யும்.

கஷ்டம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது. முதல் மாதமே சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்போதெல்லாம் பச்சை மையில் கையெழுத்தும் சீலும் வேண்டும், இப்போதுபோல நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்வது வரவில்லை. கெஜட்டட் ஆபீசர் என்றால் யார்? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் போடலாம் என்று யாரோ சொல்லி, நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்தபோது "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார், நான் நகல்களை நீட்டினேன். அவர் போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர். படித்தவர் வீட்டில் இது பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டரிடம் ஐந்து நிமிட வேலை. எனக்கு மூன்று நாள் வகுப்பு போனது, அந்த மூன்று நாளும் வருகைப்பதிவில் கழிந்தது.

அப்புறம் பயிற்சிக்காக ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. காலை 8 மணிக்கு இன்னாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. நேரில் போய் வந்துவிட்டேன் என்று சொல்வதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள், ஆனால் எனக்கு ரிப்போர்ட் என்றால் லேப் ரிப்போர்ட்தான் தெரியும், எழுதிக் கொடுக்கிற காகிதம். என்ன ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மலையிலிருந்து வந்த பெண்ணுக்கும் அதே பயம், அவளிடம் போனும் கிடையாது, சொல்லி அழக்கூட ஆளில்லை. அவள் மறுநாள் பயிற்சிக்கு வரவே இல்லை. எழுதாமல் போனால் திட்டுவார்கள் என்று ஊருக்குப் போய்விட்டாள். நாங்கள் ஆள்விட்டுக் கூட்டிவர ஒரு வாரம் ஆனது. ஒரு சொல்லுக்காக ஒரு பெண்ணின் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது, ஏனென்றால் அப்படி முடிந்துபோன படிப்பு எத்தனை இருக்கும், அதை எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள், "டிஸ்கன்டினியூ" என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

தேர்வுக் கட்டணம் இன்னொன்று. சேரும்போது கட்டிய பணத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தேர்வுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டும், அபராதம் இல்லாமல் ஒரு தேதி, அபராதத்தோடு ஒரு தேதி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நோட்டீஸ் போர்டை தினமும் பார்க்க வேண்டும் என்பதும் யாரோ சொல்லித்தானே தெரிய வேண்டும். அபராதத்தோடு கட்ட வேண்டியதாயிற்று. அம்மா பீடி ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க ராத்திரி பதினொன்றரை வரை மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன், ஒரு எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை. அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உனக்கு மட்டும் இன்னா தெரியும், பாவம்" என்றார்.

அந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஆபீஸில் இருந்த ஒரு அண்ணன். எட்டாவது வரை படித்தவர். ஃபைல் தூக்குவது, டீ வாங்குவது, பூட்டித் திறப்பது அவர் வேலை. ஆனால் எந்தக் காகிதம் எங்கே போகும், எந்தக் கையெழுத்து முதலில், எது பிறகு என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் அபராதம் கட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர், அன்றிலிருந்து தினமும் மத்தியானம் எங்கள் வகுப்புக்கு வந்து நின்று, "இன்னைக்கு போர்டுல இன்னா போட்டிருக்குது தெரியுமா" என்று வாயால் சொல்ல ஆரம்பித்தார். லீவ் லெட்டர் எப்படி எழுதுவது, போனஃபைடு சர்டிபிகேட் எதற்கு, டிசி கொடுக்கும் முன் எத்தனை நகல் எடுத்து வைக்க வேண்டும், எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். கேட்டால் கோபப்பட மாட்டார், அதுதான் பெரிய விஷயம். ஆசிரியர்களிடம் கேட்க எங்களுக்குப் பயம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் "இதுகூடத் தெரியாதா" என்று ஒரே ஒரு தடவை முகம் சுளித்தால் போதும், எங்களை மாதிரிப் பிள்ளைகள் அதன் பிறகு வாயே திறக்க மாட்டோம். நான் இந்தக் கடிதத்தில் கேட்கப் போவது எல்லாம் அந்த அண்ணன் செய்த வேலையைத்தான். அவர் அதற்கென்று சம்பளம் இல்லாமல், யாரும் சொல்லாமல் செய்தார். அது கல்லூரியின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. டிப்ளமோ சான்றிதழ் தபாலில் வரும் என்று காத்திருந்தேன். தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது. வேறு இடத்தில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டு, ஒரிஜினல் கேட்டபோதுதான் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அந்த மாடிக் கட்டடத்தில் செல்போன் கடை. கல்லூரி மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும் என்று அந்த ஆபீஸ் அண்ணன்தான் அப்போதும் சொன்னார், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம். சென்னைக்கு நான்கு தடவை போனேன். காட்பாடியில் விடிகாலை ரயில் ஏறி, ராத்திரி திரும்பி, நான்கு நாள் சம்பளம் பிடித்தம். அந்த நல்ல வேலை அதற்குள் போய்விட்டது.

கூடப் படித்த பேரணாம்பட்டுப் பையன் கதை இன்னும் மோசம். அவன் பத்தாவதோடு நின்றவன். டிப்ளமோ முடித்ததும் யாரோ சொன்னார்கள் என்று, பிளஸ் டூ எழுதாமலேயே தபாலில் நேரடியாக ஒரு டிகிரி சேர்ந்து மூன்று வருடம் கஷ்டப்பட்டு முடித்தான். ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்தான். பிறகு அரசுத் தேர்வு எழுதப் போனால், பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் இல்லாத டிகிரி அரசு வேலைக்குச் செல்லாது என்றார்கள். அது உண்மைதான், விதி அப்படித்தான் இருக்கிறது. சேரும் நாளில் ஒருவர் அவனை உட்காரவைத்து, "தம்பி, முதலில் பிளஸ் டூ எழுது" என்று சொல்லியிருந்தால் மூன்று வருடம் வீணாகியிருக்காது. பணம் வாங்கியவர்களுக்கு விதி தெரியாமல் இருந்திருக்காது. அவன் இப்போது மறுபடி ஷூ கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் படிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன். என் தம்பி 2012-இல் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போனான். முதல் பட்டதாரிச் சலுகை 2010-இல் வந்திருந்தது. என்னுடையது டிப்ளமோதான், பட்டம் இல்லை, அதனால் தம்பிதான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பாவின் அப்பா படித்தாரா, அம்மா படித்தாரா என்று விசாரித்து, விஏஓ, ஆர்ஐ, துணை வட்டாட்சியர் என்று சுற்றிச் சான்றிதழ் வாங்கினோம், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை தருகிறது. அம்மாவின் பீடி அட்டை வருஷக்கணக்காகத் தகரப் பெட்டியில்தான் இருந்தது, அது மாத்திரை வாங்க மட்டும் என்று நினைத்திருந்தோம். எனக்கும் அது கிடைத்திருக்கலாம், யாராவது முன்னமே சொல்லியிருந்தால். சரி, அது போகட்டும். தம்பி சேர்ந்த நாளிலிருந்து நான் தினமும் போன் செய்து, போர்டு பார்த்தாயா, எக்ஸாம் ஃபீஸ் எப்போது, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்கிறதா, குறைந்தால் அதை மன்னிக்க கண்டொனேஷன் என்று பணம் கட்டலாம் ஆனால் அதுக்கும் ஒரு அளவு உண்டு, கல்லூரியே போடுகிற இன்டர்னல் மார்க் போட்டுவிட்டார்களா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். நான்கு வருடத்தில் அவன் ஒரு ரூபாய் அபராதம் கட்டவில்லை. படிப்பு முடிந்த வாரமே ப்ரொவிஷனல், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடவைத்தேன். அவன் என்னைவிடப் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன், அவனே சொல்ல மாட்டான். அவனுக்குக் கேட்க அக்கா இருந்தாள், எனக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2021-22 கணக்குப்படி 18 வயதிலிருந்து 23 வயதுக்குள் இருப்பவர்களில் உயர்கல்விச் சேர்க்கை இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இது சும்மா வரவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கல்லூரிக்கு விண்ணப்பிக்காத பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க 'உயர்வுக்குப் படி' என்று முகாம் நடத்துகிறார்கள். எங்கள் காலத்தில் இதில் ஒன்று இருந்திருந்தால் அம்மாவும் நானும் அன்றைக்கு அப்படித் திரும்பி வந்திருக்க மாட்டோம். ஆனால் இவை எல்லாம் பிள்ளையைக் கைப்பிடித்துக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விடுகின்றன. வாசலுக்கு உள்ளே பிடிப்பதற்குக் கை இல்லை.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெண் பி.காம். சேர்ந்தாள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. புதுமைப் பெண் பணம் அவளுக்கு நான்கு மாதமாக வரவில்லை, கூடப் படிக்கிற எல்லோருக்கும் வந்துவிட்டது. தனக்குத் தகுதி இல்லை போல என்று அவளே முடிவு செய்துகொண்டு சும்மா இருந்துவிட்டாள். என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். பேங்குக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்த பழைய கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது, அந்தக் கணக்கு செயல்படாமல் கிடக்கிறது. ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்து ஆதாரைப் புதிய கணக்குக்கு மாற்றினோம். பத்து நிமிட வேலை. அந்தப் பெண் நான்கு மாதம் பஸ் பாஸ் வருவதற்கு முன்னால் டிக்கெட்டுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்கே இது தெரியாது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும், உதவிபெறும் கல்லூரியிலும், சமுதாயக் கல்லூரியிலும் சேர்க்கை முடிந்து முதல் பருவம் முடியும் வரை ஒரு மேசை போடுங்கள். ஆபீஸ் கவுன்டருக்குள்ளே வேண்டாம், அங்கே பிள்ளைகள் பயந்து நிற்பார்கள். மரத்தடியிலோ, கேன்டீன் பக்கத்திலோ, எல்லோரும் நடக்கிற வழியில் போடுங்கள். அதில் பேராசிரியர்களை உட்காரவைக்க வேண்டியதில்லை. இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கிற முதல் தலைமுறைப் பிள்ளைகளையே உட்காரவைக்கலாம், அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள், அவர்களுக்கும் அது தேவை. பாலாற்றுக் கரையோரம் இருக்கிற ஊர்களிலிருந்தும், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கமிருந்தும், அணைக்கட்டு மலையிலிருந்தும் வருகிற பிள்ளைகளின் பாஷை அவர்களுக்குப் புரியும். "இன்னா விஷயம்?" என்று அவர்கள் கேட்டால்தான் எங்கள் பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைத் தமிழிலும் ஒட்டுங்கள், வகுப்பில் வாய்விட்டும் படியுங்கள். ஆங்கிலம் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள், தெரியும், ஆனால் பணம் கட்டும் தேதியை வைத்து ஆங்கிலப் பரீட்சை வைக்க வேண்டாம். முதல் நாளே ஒரே ஒரு தாள் கையில் கொடுங்கள். இந்த வருடம் எந்த மாதத்தில் என்ன பணம், எத்தனை நாள் வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும், இன்டர்னல் என்றால் என்ன, அரியர் விழுந்தால் மறுபடி எப்போது எழுதலாம் என்று. அரியர் ஒன்று விழுந்ததும் படிப்பே முடிந்துவிட்டது என்று நினைத்து வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளை எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் நிறையவே பார்க்கலாம். அந்தத் தாளை அப்பா அம்மாவுக்கும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தைச் சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள், கூலிக்குப் போகிறவர்கள் வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு எப்படி வருவார்கள்? வராதவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சமுதாயக் கல்லூரிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பணம் வாங்குவதற்கு முன்னால் தமிழில் எழுதிக் கொடுங்கள். இந்தச் சான்றிதழை யார் தருகிறார்கள், இது எந்த வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது, இதை முடித்துவிட்டு டிகிரி சேர முடியுமா, சேர்ந்தால் இந்த ஒரு வருடத்தை அங்கே கணக்கில் எடுப்பார்களா, மையம் மூடிவிட்டால் எங்கே போய்க் கேட்பது. ஜோலியட்டில் தொடங்கியதன் பாதி அர்த்தமே அங்கிருந்து மேலே போக ஏணி இருந்தது என்பதுதான். கிரெடிட் வங்கி என்று 2021-இல் யுஜிசி விதி கொண்டுவந்திருக்கிறது, ஒரு இடத்தில் படித்ததை இன்னொரு இடத்தில் கணக்கில் சேர்க்கலாம் என்கிறார்கள். நல்லது. அதில் கணக்குத் திறப்பது எப்படி என்று எங்கள் தெருப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் பத்திரிகையாவது கடைசி நாள் அறிவிப்போடு நிறுத்தாமல், ஜூலை மாதத்திலிருந்து கல்லூரிக்குள் நடப்பதைப் பற்றி வாரம் ஒரு பத்தி போட்டால் நான் அதையும் வெட்டி ஒட்டுவேன்.

34 வயதில் எங்களோடு படித்தாரே, அந்த அக்கா இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார், அவர் பையன் டிகிரி முடித்துவிட்டான். மலையிலிருந்து வந்த பெண் படிப்பை முடித்தாள், ஊர்ப்பக்கமே ஒரு கிளினிக்கில் இருக்கிறாள், அவள் பெண்ணுக்கு இப்போது பத்து வயது. நானும் கடைசியில் 2019-இல் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன், இந்தத் தடவை முடித்த வாரமே எல்லாச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டேன்.

கடிதம் நீளமாகிவிட்டது, சுருக்கினால் எதை விடுவது என்று தெரியவில்லை. வரும் திங்கட்கிழமை எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் கலந்தாய்வு. அவள் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். நான் லீவ் போட்டுவிட்டேன், காலை ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேரும் போகிறோம். நேற்றே எல்லாச் சான்றிதழும் ஐந்து ஐந்து நகல் எடுத்தாயிற்று. நேற்று ராத்திரி அந்தப் பிள்ளை வந்து, "அக்கா, உள்ள போனதும் முதல்ல யாரக்கா பார்க்கணும்?" என்று கேட்டாள். அங்கே அப்படி யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று திங்கட்கிழமைதான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.